ஏதா டீச்சரே சரி?

நான் முதன்முதலில் பாடம் நடத்தியது கல்லூரியில் அல்ல, கல்லூரி மாதிரி ஒன்றில். கேரளத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பாரலல் காலேஜ் என்று அதற்குப் பெயர். அசல் கல்லூரியில் இடம் கிடைக்காத பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில் பிரைவேட்டாகப் பதிந்துகொண்டு, பாடம் கேட்க மட்டும் இங்கே வருவார்கள். எம்.ஏ. முடித்தும் அசல் கல்லூரியில் வேலை கிடைக்காதவர்கள் அவர்களுக்குப் பாடம் நடத்துவார்கள். மேஜைக்கு இரண்டு பக்கமும் காத்திருப்போர் பட்டியல்தான். 1986-ல் கொச்சியின் சுள்ளிக்கல்லில், எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில், ஒரு பலசரக்குக் கடையின் மாடியில் அப்படி ஒரு காலேஜ் இருந்தது. மூங்கில் பாய்த் தட்டி அடித்துத் தடுத்த மூன்று அறைகள். பக்கத்து அறையின் மலையாள இலக்கணம் என் பொருளாதார வகுப்புக்குள் தாராளமாக வந்துபோகும். கீழே கடையில் வெல்லம் இறங்கும் நாளில் ஈக்களும் வரும்.

அங்கே நான் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கினேன். காரணம் நோட்ஸ். ஒரு கேள்விக்கு ஒரு விடை, விடைக்கு ஆறு பாயிண்ட், ஆறையும் மறக்காமல் இருக்க முதலெழுத்துகளைக் கோத்து ஒரு சொல். பரீட்சைக்கு முன்னால் 'வரக்கூடிய கேள்விகள்' என்று பதினைந்து சொல்லிவிடுவேன்; எட்டோ ஒன்பதோ வந்துவிடும். செங்கோட்டையிலிருந்து பிழைக்க வந்து மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு மிளகாய் மண்டியில் கணக்கெழுதிக்கொண்டிருந்த என் அப்பா, "உனக்கு ஜோசியக்கார நாக்குடி" என்பார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

1991-ல் மேற்குக் கொச்சியில் ஓர் எய்டட் கல்லூரியில் நிரந்தர வேலை கிடைத்தது. பெயர் வேண்டாம், சொன்னால் பழைய சகாக்கள் இதில் யார் யார் வருகிறார்கள் என்று தேட ஆரம்பிப்பார்கள். பி.ஏ. இரண்டாம் ஆண்டில் வட்டி பற்றிய பாடம் என் தலையில் விழுந்தது. வட்டி விகிதம் எப்படித் தீர்மானமாகிறது? சேமிப்பும் முதலீடும் சந்திக்கிற இடத்தில் என்கிறது பழைய கொள்கை. இல்லை, வங்கிகள் உண்டாக்கும் கடனையும் மக்கள் பெட்டியில் பூட்டிவைக்கும் பணத்தையும் சேர்த்துப் பார் என்கிறது இரண்டாவது. கையில் இருக்கும் ரொக்கத்தைப் பிரிய மனமில்லாதவனுக்குக் கொடுக்கும் விலைதான் வட்டி என்றார் கெய்ன்ஸ். மூன்று நாளில் மூன்றையும் நடத்தினேன், பாயிண்ட் பாயிண்டாக. மூன்றாம் நாள் மணி அடிக்கப் போகும்போது முதல் பெஞ்சில் இருந்த பெண் கையைத் தூக்கினாள்.

"ஏதா டீச்சரே சரி?"

எது சரி என்று கேட்கிறாள். எனக்குச் சுள்ளென்று வந்தது. மூன்று நாள் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியதற்கு இதுதானா பலன்? "பரீட்சைக்கு மூணும் சரி" என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டாள். போகும்போது எட்டிப் பார்த்தேன்: 'மூன்றும் சரி' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள்.

அந்த அடிக்கோடு என்னைக் கொஞ்ச நாள் தொந்தரவு செய்தது. பிறகு மறந்துவிட்டேன். சில வருஷம் கழித்து, பதவி உயர்வுக்காகக் கல்லூரி ஆசிரியர்கள் எல்லாரும் போய்வருகிற மூன்று வாரப் பயிற்சி ஒன்றில், மதியத் தூக்கத்துக்குப் பயந்து நூலகத்தில் உட்கார்ந்திருந்தபோது வில்லியம் பெர்ரி கையில் கிடைத்தார்.

பெர்ரி ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படிப்பில் தடுமாறும் மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் மையத்தை நடத்தியவர். 1950-களின் நடுவில் ஆரம்பித்து, மாணவர்களை ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் கூப்பிட்டு உட்காரவைத்து, இந்த வருஷத்தில் உனக்கு முக்கியமாகப் பட்டது எது என்று கேட்டு, அவர்கள் போக்கிலேயே பேசவிட்டார். நான்கு வருஷப் பேச்சையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோது, அவர்கள் சேர்த்துக்கொண்ட விஷயங்களைவிட வேறொன்று கண்ணில் பட்டது. 'அறிவு என்றால் என்ன' என்பதைப் பற்றிய அவர்கள் எண்ணமே மாறிக்கொண்டிருந்தது. 1970-ல் அதைப் புத்தகமாக்கினார். மாணவர் வளர்ச்சிக் கொள்கை என்று இன்று உலகமெங்கும் பேசப்படும் துறையின் அஸ்திவாரக் கற்களில் அது ஒன்று.

அவர் ஒன்பது நிலைகள் சொல்கிறார். நான் நான்காகச் சுருக்கிச் சொல்கிறேன். ஒன்பதை மனப்பாடம் செய்ய இது பாரலல் காலேஜ் இல்லை. முதலில், உலகம் இரண்டே இரண்டு: சரி, தப்பு. சரியான விடை வாத்தியாரிடம் இருக்கிறது, அதை வாங்கி நிரப்பிக்கொள்வதே படிப்பு. அடுத்தது, ஆளுக்கொரு கருத்து இருக்கலாம் என்று தெரிகிற நிலை. இங்கே சிலர் மறுகோடிக்கே போய், 'உன் கருத்து உனக்கு, என் கருத்து எனக்கு, மார்க் மட்டும் ஏன் குறைத்தாய்' என்று சண்டைக்கு வருவார்கள். மூன்றாவது, எல்லாக் கருத்தும் ஒரே எடை இல்லை, சான்றையும் இடத்தையும் காலத்தையும் வைத்து எடைபோட வேண்டும் என்று புரிகிற நிலை. கடைசியில், முழு உறுதி எப்போதும் கிடைக்காது என்று தெரிந்தும், ஒரு பக்கம் நின்று அதற்குப் பொறுப்பேற்பது.

புத்தகத்தின் தொடக்கத்திலேயே ஒரு காட்சி வைத்திருக்கிறார். ஆசிரியர் வகுப்பில் மூன்று கொள்கைகளை விளக்கப்போவதாகச் சொல்கிறார். ஒரு மாணவன், சரியானது எது என்று சொல்லாமல் இவர் ஏன் ஒளித்து விளையாடுகிறார் என்று நினைக்கிறான். இன்னொருவன், நாமே கண்டுபிடிக்கட்டும் என்று பயிற்சி கொடுக்கிறார் போல என்று நினைக்கிறான். மூன்றாமவன், எந்தச் சூழலுக்கு எது பொருந்துகிறது என்று ஒப்பிடத் தயாராகிறான். இந்த மனுஷன் என் வட்டி வகுப்பை ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறாரோ என்று தோன்றியது. முதல் பெஞ்சுப் பெண் சோம்பேறி இல்லை. நான் மூன்றாம் நிலையின் மொழியில் பேசிக்கொண்டிருந்தேன். அவள் முதல் நிலையில் நின்று நேர்மையாக ஒரு கேள்வி கேட்டாள். 'மூணும் சரி' என்று கிண்டலடித்து நான் அவளை முதல் நிலையிலேயே உட்காரவைத்துவிட்டேன்.

இதுவரை பெர்ரி சொன்னது. எனக்கு அவரோடு ஒரு வழக்கு உண்டு.

மட்டாஞ்சேரி எப்படிப்பட்ட ஊர் என்று தெரிந்தால்தான் வழக்கு புரியும். சுள்ளிக்கல்லிலிருந்து வடக்கே போனால் அரை மணி நேர நடைக்குள் கொங்கணிக்காரர்களின் திருமலை தேவஸ்வம் கோயில், குஜராத்திகள் தெரு, கச்சி மேமன்களின் பள்ளிவாசல், 1568-ல் கட்டிய யூத ஜெபாலயம் எல்லாம் வந்துவிடும். தக்னி உருது பேசும் வீட்டுக்கு எதிர்வீடு லத்தீன் கத்தோலிக்கர் வீடு. எங்கள் வீட்டில் தமிழ், வாசலில் மலையாளம், அப்பாவின் மண்டியில் குஜராத்தி முதலாளியோடு ஒரு கலப்படம். இங்கே பிறந்த குழந்தைக்கு, சாமி வீட்டுக்கு வீடு வேறு, சாம்பாரும் வேறு, பெரியவர்களை மதிக்கிற முறையும் வேறு, அதில் எதுவும் தப்பில்லை என்பது ஐந்து வயதில் தெரியும். கொங்கணி வீட்டில் எப்படி நடந்துகொள்ள வேண்டும், மாப்பிளை முஸ்லிம் வீட்டில் எப்படி என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே இடம் பார்த்து நடக்கும். பெர்ரியின் கணக்கில் இது மூன்றாம் நிலை. ஹார்வர்டுப் பையன்கள் இருபது வயதில் திணறித் திணறி எட்டிய இடம்.

அப்படிப்பட்ட பெண் வகுப்பறைக்குள் வந்ததும் ஏன் 'ஏதா சரி' என்கிறாள்? வாசலில் செருப்போடு அதையும் கழற்றிவைத்துவிட்டு வருகிறாள், அவ்வளவுதான். வகுப்பறையில் ஒரு விடைதான் செல்லும் என்று பன்னிரண்டு வருஷம் அவளுக்குப் பழக்கியிருக்கிறோம். நிலை பிள்ளைக்குள் மட்டும் இல்லை, நாம் கட்டிவைத்திருக்கும் அறைக்குள்ளும் இருக்கிறது. அந்த அறைக்கு மூங்கில் தட்டி அடித்தவர்களில் நானும் ஒருத்தி.

அதனால் வட்டிப் பாடத்தை வேறுவிதமாக நடத்திப் பார்த்தேன். முதல் நாள் கொள்கை எதுவும் இல்லை. வீட்டில் யாராவது கடன் வாங்கியிருந்தால் எங்கே, என்ன வட்டிக்கு என்று கேட்டு, பெயர் போடாமல் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிவாருங்கள் என்றேன். மறுநாள் மேஜைமேல் ஒரு குவியல். கூட்டுறவு வங்கி, தங்கப் பணயம், குறி (தமிழ்நாட்டில் சீட்டு), 1998-ல் தொடங்கிய குடும்பஸ்ரீயின் அயல்கூட்டக் கடன், ப்ளேடு என்று இங்கே சொல்லப்படும் தினவசூல்காரர். ஒரு துண்டில், 'அத்தையிடம். வட்டி இல்லை. ஆனால் கல்யாண வீடுகளில் சொல்லிக்காட்டுவார்' என்று இருந்தது. ஒரே மாதம், ஒரே ஊர், இத்தனை வட்டி. ஏன்?

ப்ளேடுக் கணக்கில்தான் வகுப்பு தீப்பிடித்தது. கையில் 9,000 ரூபாய் தருவார். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். வட்டி என்ன? "ஆயிரம்தானே, பத்துப் பதினோரு சதவீதம்" என்றார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல், "அல்ல" என்றது. விடியற்காலையில் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் ஏலக்கணக்கு எழுதிவிட்டு வந்து வகுப்பில் தூங்குகிற பையன். அதுவரை அவன் குரலை நான் கேட்டதே இல்லை. "முதல் நாளே திருப்பிக் கட்ட ஆரம்பிச்சிடறோமே. ஒம்பதாயிரமும் நூறு நாளும் நம்ம கையில எங்க இருக்கு? சராசரி பார்த்தா பாதிதான் இருக்கும்" என்றான். கரும்பலகைக்கு வரச் சொன்னேன். கையில் சராசரியாக நாலாயிரத்து ஐந்நூறு. அதற்கு நூறு நாளில் ஆயிரம். வருஷத்துக்குப் பெருக்கினால் ஏறக்குறைய 80 சதவீதம். வகுப்பில் சத்தமே இல்லை. அந்தக் காகிதத்தை எழுதிவந்தது யாரோ, அந்த முகத்தைத் தேடக்கூடாது என்று நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் மூன்று கொள்கைகளையும் எடுத்தேன். ரொக்கத்தை இந்த நிமிஷமே தருகிறானே, அதற்குத்தான் இந்த விலை, கெய்ன்ஸ்தான் சரி என்றாள் ஒருத்தி. அப்படியானால் அத்தையும் ரொக்கம்தானே தருகிறார், அவர் ஏன் வாங்குவதில்லை என்றான் இன்னொருவன். வங்கி வட்டிக்கு ஒன்று, ப்ளேடுக்கு எந்தப் புத்தகமும் போதாது என்று முடிந்தது. "கடைசியா ஒண்ணு சொல்லிடுங்க டீச்சர், எழுதிக்கறோம்" என்று கேட்டவர்களும் இருந்தார்கள், இல்லாமல் இருக்குமா? அந்த வருஷம் ரிசல்ட் ஏறவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். விழவும் இல்லை. கேள்வித்தாள் வழக்கம்போல 'கெய்ன்ஸின் வட்டிக் கொள்கையை விளக்குக' என்றுதான் கேட்டது. வகுப்பில் மூன்றாம் நிலைக்குக் கூப்பிட்டுவிட்டுப் பரீட்சையில் முதல் நிலைக்கு மார்க் போடும் வரை பிள்ளைகள் எதை நம்புவார்கள்?

பெர்ரி பேசியது பெரும்பாலும் ஆண்பிள்ளைகளிடம். இந்தக் குறையைப் பார்த்த மேரி பெலென்கியும் மூன்று தோழிகளும், 135 பெண்களிடம் பேசி 1986-ல் ஒரு புத்தகம் கொண்டுவந்தார்கள். அதில் அவர்கள் வைக்கும் முதல் நிலையின் பெயர் மௌனம். விடை தெரியாததால் வருகிற மௌனம் அல்ல. தனக்குத் தெரிந்தது அறிவுக் கணக்கில் சேராது என்று நம்புவதால் வருகிற மௌனம். அந்த இடத்தைப் படித்தபோது எனக்கு ஒரு பெண் நினைவுக்கு வந்தாள்.

ஃபோர்ட் கொச்சியில் வெளி என்கிற இடத்தில் தோபிகானா இருக்கிறது. டச்சுக்காரர் காலத்தில் பட்டாளத் துணி வெளுக்க வந்ததாகச் சொல்லும் தமிழ்க் குடும்பங்கள் இன்றும் அங்கே வெளுத்து, கஞ்சி போட்டு, தேய்க்கிறார்கள். அங்கிருந்து வந்தவள். இரண்டு செமஸ்டர் வாய் திறக்கவில்லை. ஒருநாள் வராந்தாவில் நான் அம்மாவோடு போனில் பேசி முடித்ததும் பக்கத்தில் வந்து நின்றாள்.

"டீச்சர், நீங்க வீட்ல தமிழா பேசுவீங்க?"

"ஆமாம்மா. நீயும் தமிழா?"

அவ்வளவுதான் பேச்சு. அடுத்த வாரத்திலிருந்து வகுப்பு முடிந்ததும் நிற்க ஆரம்பித்தாள். தகவல் பொருளாதாரம் பற்றி ஒரு பாடம், வாங்குபவருக்குத் தெரியாதது விற்பவருக்குத் தெரிந்திருந்தால் சந்தை எப்படி வேலை செய்யும் என்பது. அவள் தமிழில் மெதுவாக, தங்கள் வீட்டில் நூற்றுக்கணக்கான துணியில் எது யாருடையது என்று சின்னக் குறி வைத்துக் கண்டுபிடிப்பதையும், அந்தக் குறி தெரிந்தவர் இல்லாத நாளில் வேலையே நிற்பதையும் சொன்னாள். இதையே மலையாளத்தில் வகுப்பில் சொல்லேன் என்றேன். "இதெல்லாம் போயி..." என்று இழுத்தாள். மூன்று வாரம் ஆயிற்று சொல்ல. பெலென்கி குழு நல்ல ஆசிரியரை மருத்துவச்சியோடு ஒப்பிடுகிறது. பிள்ளையை அவள் கொண்டுவந்து கொடுப்பதில்லை. உள்ளே இருப்பதை வெளியே வர உதவுகிறாள். மருத்துவச்சிகள் அவசரப்படுவதில்லை என்பதைப் புத்தகத்தைவிட இவளிடம்தான் கற்றேன்.

அதே பெண் இறுதியாண்டில் ஒருநாள் சொன்னது: "முன்னாடி படிக்கும்போது எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு. இப்ப ஒண்ணுமே தெரியாத மாதிரி இருக்கு டீச்சர்." குரல் உடைந்திருந்தது. இதையும் பெர்ரி எழுதியிருக்கிறார். உறுதியான உலகம் கையைவிட்டுப் போவது ஒரு இழப்பு, அதற்குத் துக்கம் உண்டு, அந்தத் துக்கத்தில் யாரும் துணையில்லாவிட்டால் சிலர் பழைய நிலைக்கே ஓடிவிடுவார்கள், சிலர் ஒரு வருஷம் அப்படியே நின்றுவிடுவார்கள் என்று. நான் அன்றைக்குச் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. எனக்கும் அப்படித்தான் இருக்கிறது என்றேன். கேன்டீனில் டீ வாங்கிக்கொடுத்தேன்.

நெவிட் சான்ஃபோர்டு என்ற உளவியலாளர் 1960-களில் இதை இரண்டு சொல்லில் வைத்தார்: சவால், துணை. சவால் கூடித் துணை குறைந்தால் பிள்ளை ஓடிவிடும். துணை கூடிச் சவால் குறைந்தால் இருந்த இடத்தில் சொகுசாக இருக்கும். கொச்சியில் இருந்துகொண்டு சீனவலையை உவமை சொன்னால் சுற்றுலா வழிகாட்டி என்று நினைப்பீர்கள், ஆனாலும் வேறு நல்ல உவமை எனக்கு அகப்படவில்லை. வலைக்கு மறுமுனையில் கயிற்றில் கற்கள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கல் குறைந்தால் வலை மேலே வராது. கல் கூடினால் தண்ணீருக்குள் இறங்கவே இறங்காது.

எங்கள் கல்லூரியில் கல்லைத் தப்பாகக் கட்டினோம். முதல் செமஸ்டரில் மார்க் குறைந்தவர்களைப் பிரித்தெடுத்து, சாயங்காலம் தனி வகுப்பு. அதே பாடம், இன்னும் மெதுவாக, இன்னும் சுலபமாக. பிள்ளைகளுக்குள் அதற்கு வைத்த பெயரை இங்கே எழுத முடியாது. வருகை நாளுக்கு நாள் தேய்ந்தது. இவர்களுக்கு அக்கறை இல்லை, வீட்டில் படித்தவர்கள் இல்லை, அதுதான் காரணம் என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டோம்.

1970-களில் அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழக ஆசிரியர்களும் இதையேதான் பேசினார்கள். நுண்கணித வகுப்பில் கறுப்பின மாணவர்கள் அதிகமாகத் தோற்றார்கள். அக்கறை போதாது, அடிப்படை போதாது, குடும்பத்தில் ஆதரவில்லை, வறுமை என்று நான்கு காரணம் சொன்னார்கள். யூரி ட்ரைஸ்மன் என்ற ஆராய்ச்சி மாணவர் அந்தக் காரணங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார், ஒன்றும் நிற்கவில்லை. பிறகு இருபது கறுப்பின மாணவர்களையும் இருபது சீன வம்சாவளி மாணவர்களையும் அவர்கள் படிக்கும் இடத்துக்கே போய்ப் பார்த்தார். சீன மாணவர்கள் தனியாகப் படித்துவிட்டுச் சாயங்காலம் கூடி உட்கார்ந்து ஒருவர் விடையை மற்றவர் கிழித்துக் காயப்போட்டார்கள். கறுப்பின மாணவர்கள் சொன்ன மணிநேரம் தவறாமல் உழைத்தார்கள், ஆனால் தன்னந்தனியாக. தப்பு எங்கே என்று சொல்ல ஆளில்லை. ட்ரைஸ்மன் சுலபமான பாடம் நடத்தவில்லை. வகுப்பில் வருவதைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்துக் குழுவாக உட்காரவைத்தார். தோற்றவர்கள் தேறினார்கள்.

இதைப் படித்துவிட்டு உற்சாகமாகக் குழு போட்டேன். முதல் வருஷம் படுதோல்வி. செல்லானத்துக்கும் கும்பளங்கிக்கும் பஸ் பிடிக்க வேண்டிய பெண்கள் நான்கு மணிக்கு மேல் இருக்க முடியாது. பையன்களில் பாதிப்பேருக்குச் சாயங்கால வேலை. பெர்க்லியில் பிள்ளைகள் கேம்பஸிலும் சுற்றுப்புறத்திலும் குடியிருந்தார்கள், எங்களுடையவர்கள் பஸ்ஸில் வாழ்ந்தார்கள். பிறகு பகலிலேயே ஒரு காலி மணி நேரத்தைப் பிடித்தோம். பலமானவர், பலவீனமானவர் என்று பிரிக்காமல் வந்தவர் எல்லாரும். ஒரு கேள்வி, கடினமானது.

அப்படிக் கொடுத்த ஒன்று சாப்பா. கொச்சித் துறைமுகத்தில் ஒரு காலத்தில் வேலைக்கு ஆள் எடுத்த முறை. கங்காணி டோக்கன்களைக் கூட்டத்துக்குள் வீசுவார். அடித்துப் பிடித்துப் பொறுக்கியவருக்கு அன்றைக்கு வேலை. அதை எதிர்த்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச்சூடு நடந்தது. சைது, சைதலவி, ஆன்டணி என்று மூன்று தொழிலாளர்களின் பெயர் அந்தப் போராட்டத்தோடு இன்றும் சொல்லப்படுகிறது. 2023-ல் வந்த 'துறமுகம்' படம் இந்தக் கதைதான். கேள்வி இது: ஆள் அதிகம், வேலை குறைவு என்றால் கூலி குறைய வேண்டும் என்கிறது பாடப்புத்தகம், அப்படியிருக்க டோக்கன் எதற்கு வீச வேண்டியிருந்தது? பிள்ளைகள் வீட்டுத் தாத்தாக்களைக் கேட்டு வந்தார்கள். ஒரு தாத்தா டோக்கன் பொறுக்கியவர், இன்னொருவர் குமாஸ்தா, மூன்றாமவர் போலீஸ் பக்கத்துக் கதை வைத்திருந்தார். மூன்றும் ஒட்டவில்லை. இம்முறை யாரும் 'ஏதா சரி' என்று என்னைப் பார்க்கவில்லை. யார் எங்கே நின்று பார்த்தார்கள் என்று ஒரு வரைபடம் போட ஆரம்பித்தார்கள். நான் அறை மூலையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தினேன்.

கொள்கைகளையெல்லாம் புகழ்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எங்களுக்கு வந்த பயிற்சி ஒன்றில், மாணவர்களைக் கண்ணால் கற்பவர், காதால் கற்பவர், கையால் கற்பவர் என்று பிரித்துத் தனித்தனியாக நடத்தச் சொன்னார்கள். கேட்க அழகாக இருக்கிறது. 2008-ல் நான்கு உளவியலாளர்கள் இருக்கிற ஆய்வுகளையெல்லாம் அலசி, அப்படிப் பிரித்து நடத்தினால் பயன் என்பதற்குப் போதிய சான்றில்லை என்று எழுதினார்கள். பயிற்சிக்காரர்கள் இன்னும் நிறுத்தவில்லை. 1956-ல் பெஞ்சமின் ப்ளூம் குழு கற்றல் நோக்கங்களுக்கு வகுத்த ஆறு படிகளின் கதி இன்னும் மோசம். கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் குழு வரும் வருஷத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் எந்தப் படி என்று அட்டவணை நிரப்பி ஃபைலில் கட்டுவோம். குழு போனதும் ஃபைலும் அலமாரிக்குப் போய்விடும். அதற்கு மாறாக, செலவில்லாத ஒன்றைச் சொல்கிறேன். வகுப்பு ஆரம்பிக்கும்போது நோட்டை மூடிவைத்து, போன வகுப்பில் நடந்ததை வெற்றுத்தாளில் ஐந்து நிமிஷம் எழுதச் சொல்லுங்கள். மார்க் வேண்டாம். திரும்பத் திரும்பப் படிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்து எழுதிப் பார்ப்பது ஒரு வாரம் கழித்தும் நிற்கிறது என்று 2006-ல் ரோடிகரும் கார்பிக்கியும் சோதனை செய்து காட்டினார்கள். என் பிள்ளைகள் அதைத் திட்டிக்கொண்டே செய்தார்கள்.

ஐம்பத்தாறு வயதில் எய்டட் கல்லூரி ஆசிரியரைக் கேரளம் வீட்டுக்கு அனுப்பிவிடும். எனக்கு 2019-ல் ஆயிற்று. இப்போது வேலை சுள்ளிக்கல் வீட்டுத் திண்ணையில்தான். 2024 ஜூலையில் கேரளப் பல்கலைக்கழகங்களில் நான்கு வருஷப் பட்டப்படிப்பு தொடங்கியதிலிருந்து திண்ணையில் கூட்டம் கூடிவிட்டது. மூன்று வருஷத்தோடு 133 கிரெடிட்டில் பட்டம் வாங்கிப் போகலாம், அல்லது 177 கிரெடிட்டில் ஹானர்ஸ். இடையில் எம்.டி.சி. என்கிறார்கள், வேறு துறைப் பாடங்களைத் தானே பொறுக்க வேண்டும். நல்ல விஷயம்தான், எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பன்னிரண்டு வருஷம் ஒரே விடை என்று பழக்கிவிட்டு, பதினெட்டாம் வயதில் ஒரு திங்கட்கிழமை, 'இதோ பட்டியல், நீயே தேர்ந்தெடு' என்று நீட்டினால் பிள்ளை என்ன செய்யும்? தோழி எடுத்ததை எடுக்கும். இல்லாவிட்டால் என் திண்ணைக்கு வரும்.

எதிர்வீட்டுப் பெண் வந்தாள். மூன்று பாடம், இரவுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சுற்றுலா, ஊட்டச்சத்து, புள்ளியியல். "ஏதா டீச்சரே நல்லது?"

புள்ளியியல் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, ஒவ்வொன்றையும் எடுத்தால் முதல் மாதம் என்ன நடக்கும் என்று நீயே சொல் என்றேன். முறைத்தாள். பழம்பொரி இரண்டு தின்றாள். பிறகு சொன்னாள்: ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோர்ட் கொச்சியில் ஒரு ஹோம்ஸ்டேயில் வேலை பார்க்கிறாளாம்; அங்கே தான் பார்ப்பதும் சுற்றுலாப் பாடத்தில் சொல்வதும் ஒன்றா என்று பார்க்க ஆசையாம். புள்ளியியலை அப்புறம் எடுத்துக்கொள்ளலாமா என்று கல்லூரியில் கேட்பாளாம். பழுதில்லாத காரணம். சரி என்று அனுப்பிவிட்டேன்.

இரவு பத்து மணிக்கு மனசு கேட்கவில்லை. 'எதற்கும் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஒருமுறை யோசித்துப் பார்' என்று அவளுக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தன. பதில் வரவில்லை.